மறு: எஞ்சினை மாற்றுவது வேறு, ஒட்டுவது வேறு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்து குவிந்த கடிதங்களை இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். பட்டறையில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் பழைய கோல்ஃப் கார் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கு ஒரு வழி செய்துவிட்டுத்தான் உங்கள் பக்கம் திரும்ப முடிந்தது. தாமதத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. நீங்கள் சொல் தேடிக்கொண்டிருந்த வேலையைத்தான் நான் கையில் கிரீஸ் அப்பிக்கொண்டு செய்துகொண்டிருந்தேன்.

பழைய காரில் பின்னாளில் வந்த தலைமுறையின் எஞ்சினைப் பொருத்துவதற்குத் தமிழில் என்ன சொல்வது? சென்னை நண்பர் ‘உந்துபொறி இடமாற்றம்’ என்கிறார். இடமாற்றம் என்றதும் எனக்குத் திருநெல்வேலியிலிருந்து தருமபுரிக்கு உத்தரவு வாங்கிய வாத்தியார்தான் பெட்டியும் படுக்கையுமாகக் கண்முன் நிற்கிறார். அதை விட்டுவிடுவோம். மொரீஷியஸ் ஆசிரியர் ஐயாவின் ‘பொறிமாற்று’ அப்படித் தள்ளிவிடக்கூடியதன்று. அவர் எழுதியது:

> ‘இதய மாற்று’ என்று சொல்லிப் பழகிய தமிழனுக்குப் ‘பொறிமாற்று’ எப்படி விளங்காமல் போகும்? அதுவும் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நீங்களா ஐயப்படுவது?

ஐயா சரியான இடத்தில் கை வைத்தார். கேப்டவுனில் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பர்னார்ட் குழுவினர் ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார்கள். உலகத்திலேயே அதுதான் முதல் முறை. 25 வயதுப் பெண்ணின் இதயம், ஐம்பதைத் தாண்டியவரின் உடம்பு. புதிய எஞ்சின், பழைய வண்டி என்று சொன்னால் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் ஐயா, அங்கே எடுத்ததும் இதயம், வைத்ததும் இதயம். அறைகள் நான்கு, இரத்தக் குழாய்கள் வரவேண்டிய இடத்தில்தான் வரும். முப்பது ஆண்டு கழித்துப் பிறந்தவரின் இதயத்துக்குக் கூடுதலாக இரண்டு குழாய் முளைத்திருக்காது. எஞ்சினுக்கு முளைத்திருக்கிறது. அந்த நோயாளி 18 நாள் உயிரோடு இருந்தார். உடல் புதிய இதயத்தைத் தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்த மருந்து அவருடைய எதிர்ப்புச் சக்தியையும் தளர்த்திவிட, நுரையீரல் தொற்று வந்து சேர்ந்தது. அதாவது அங்கேயும் மாற்றியது ஒரு நாள் வேலை, சேரவைப்பதுதான் பெரிய பாடு. ‘மாற்று’ என்ற சொல் அந்த முதல் நாளோடு நின்றுவிடுகிறது என்பதே என் குறை.

சொல்லிலும் இடர் இருக்கிறது. மாற்றுச் சாவி என்றால் கைவசம் இருக்கும் இன்னொரு சாவி. பண்டமாற்று என்றால் கொடுத்து வாங்குவது. ‘மாற்றுப் பொறி’ என்று எழுதினால் டிக்கியில் உபரியாக ஓர் எஞ்சின் கிடப்பதாகப் படிப்பவர் நினைத்தால் அவர்மேல் தவறில்லை. இங்கே பட்டறைகளில் இந்த வேலைக்குக் ‘கன்வர்ஷன்’ என்று பெயர். அதை அப்படியே ‘மாற்றம்’ என்று தமிழாக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘கன்வர்ஷன்’ என்றால் மதமாற்றமும்தான். டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சபையில் சேர்ந்தாய் என்று பாட்டி கேட்பார்.

அடுத்தது ‘பொறி’. எங்கள் முதலாளி இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த நான்காம் தலைமுறைத் தமிழர். 1860-இல் தொடங்கிய கப்பல்களில் ஏதோ ஒன்றில் வந்த குடும்பம். கோயிலும் சமையலறையும் காப்பாற்றிக் கொடுத்த தமிழ்தான் அவரிடம் இருக்கிறது: விபூதி, காவடி, ரசம், பொரி. எதை இவ்வளவு நேரம் தட்டச்சு செய்கிறாய் என்று கேட்டார். ‘பொறிமாற்று’ என்றேன். பொரியை எதற்கு மாற்ற வேண்டும், நமத்துப்போய்விட்டதா என்று கேட்டார். கேள்வி ஆங்கிலத்தில் வந்தது, ‘பொரி’ மட்டும் தமிழ். றகரமும் ரகரமும் காதில் வேறுபடாத ஊர்களில் இந்தச் சொல்லின் கதி இதுதான். தீப்பொறி, எலிப்பொறி, ஐம்பொறி என்று ஏற்கெனவே அதன் தலையில் சுமை அதிகம். எஞ்சின் தமிழில் ஊன்றிப்போன சொல். அதைப் பிடுங்கிவிட்டு வேறு நட வேண்டிய தேவை எனக்குப் புலப்படவில்லை. நமக்கு இல்லாதது வினைச்சொல். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இனி அந்தக் கோல்ஃப். வெளியாருக்கு ஒரு வார்த்தை: கோல்ஃபின் முதல் தலைமுறை ஐரோப்பாவில் 1974-இல் வந்தது. மற்ற நாடுகள் அடுத்தடுத்த தலைமுறைக்குப் போய்விட்ட பிறகும், 1984 முதல் 2009 வரை, ‘சிட்டி கோல்ஃப்’ என்ற பெயரில் இந்நாட்டின் யூட்டன்ஹேக் ஆலையில் அதே உருவத்தைச் செய்துகொண்டே இருந்தார்கள். அதனால் இங்கே தெருவுக்கு ஒன்றாவது நிற்கும். எங்களிடம் வந்தது கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய கருவி) வைத்த 1.3 லிட்டர் வண்டி. வைக்கச் சொன்னது அதே நிறுவனத்தின் நான்காம் தலைமுறைக் கோல்ஃபில் வந்த 1.8 லிட்டர் டர்போ எஞ்சின். டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுழலி. சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது, 150 குதிரைத்திறன்.

பழையதை இறக்கப் பாதி நாள்கூட ஆகவில்லை. புதியதன் இரும்புப் பகுதி பழைய எஞ்சின் பரம்பரையிலேயே வந்தது. ஆகவே கியர்பாக்ஸ் முகத்தோடு அது முகம் கொடுத்தது. ஐயாவின் ‘மாற்று’ அங்கே முடிந்தது. அதன் பிறகு மூன்று வாரம் நாங்கள் செய்ததற்குத்தான் பெயர் வேண்டும்.

எஞ்சின் உட்காரும் தாங்கிகளுக்குத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தோம். கார்பரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றிய பழைய பம்பு கால் ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) கொடுத்தால் அதிகம். ஊசித்துளை வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இந்த எஞ்சினுக்கு மூன்று பார் வேண்டும். எனவே மின்சாரப் பம்பு, அதைத் தாங்கும் குழாய், மிஞ்சியது டேங்குக்குத் திரும்ப இன்னொரு குழாய். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிரவைக்கும் பெட்டிக்கு இடம் வேண்டி ரேடியேட்டரை நகர்த்தினோம். பதின்மூன்று அங்குலச் சக்கரத்துக்குள் பெரிய பிரேக் தட்டு அடங்காது என்று தெரிந்ததும் சக்கரமும் போயிற்று.

எல்லாம் முடித்துச் சாவியைத் திருப்பினோம். உடனே பிடித்தது. பட்டறையே கை தட்டியது. இரண்டு விநாடியில் நின்றுவிட்டது. மறுபடி திருப்பினால் மறுபடி இரண்டு விநாடி. பெட்ரோல் வருகிறது, நெருப்பு வருகிறது, ஆனால் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி முடிப்பதற்குள் கழுத்தைப் பிடித்ததுபோல அணைகிறது. திருட்டைத் தடுக்க அந்த எஞ்சினின் கணினிக்குள் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். அது பிறந்த வண்டியின் சாவியையும் மீட்டர் பெட்டியையும் காணாவிட்டால் எஞ்சினை ஓடவிடாது. எங்களுக்கு எஞ்சின் விற்றவர் மீட்டர் பெட்டியை முன்னமே வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார், சாவி எங்கே போனதோ. கடைசியில் அந்தக் கணினிக்குள் இருக்கும் காவலை மென்பொருள் வழியாக எடுக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்தோம்.

அவர் வருவதற்காகக் காத்திருந்த மதியத்தில்தான் எனக்குச் சொல் கிடைத்தது. பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறவர். நாட்டுக் கன்றின் தண்டைச் சாய்வாகச் சீவுவார். நல்ல மரத்திலிருந்து கொண்டுவந்த குச்சியையும் அதே சாய்வில் சீவி, பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை பச்சையோடு சேரும்படி வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் காற்றுப் புகாமல் சுற்றுவார். வெட்டுக்கு அரை நிமிடம். பிறகு துளிர் வருகிறதா, குச்சி கருகுகிறதா என்று வாரக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். வந்தால் ‘ஒட்டுப் பிடித்தது’, இல்லையென்றால் ‘பிடிக்கவில்லை’. எங்கள் கோல்ஃபுக்கு நடந்தது இதுதான். இரண்டு விநாடி துளிர்த்தது, பிடிக்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: வேலைக்கு ‘எஞ்சின் ஒட்டு’. வைக்கும் எஞ்சின் ‘ஒட்டு எஞ்சின்’. அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அது ‘தாய்வண்டி’, தாய்மரம் என்பதுபோல. ஏற்றுக்கொள்ளும் வண்டியைத் தோட்டக்கலை வழக்கின்படி ‘வேர்வண்டி’ என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. ‘ஒட்டுவண்டி’ போதும். வினை தானாக வந்துவிடுகிறது: ஒட்டினோம், ஒட்டிப் பார்த்தோம், ஒட்டுப் பிடித்தது. ‘பொறிமாற்று’ வேலையில் தோற்றுப்போனால் ஐயா எப்படிச் சொல்வார்? ‘பொறிமாற்றப்பட்டும் பொறிமாறவில்லை’ என்றா?

எல்லை எங்கே என்று கேட்பீர்கள். டொயோட்டா டாஸின் 1.3 எஞ்சின் தேய்ந்து, அதே 1.3-ஐ வைத்தால் அது எஞ்சின் மாற்றம்தான். ஊர்ப் பட்டறையில் ‘இறக்கி ஏற்றினோம்’ என்பார்கள், அதைவிட நல்ல தமிழ் வேண்டியதில்லை. கொரோலாவில் பதினாறு வால்வு இருந்த இடத்தில் அதே குடும்பத்து இருபது வால்வு வந்தால்? தாங்கி சேரும், கம்பிகள் சேரா. என் கணக்கு எளிது: ஓர் இடத்திலாவது வெட்டிச் சேர்க்க வேண்டியிருந்தால் அது ஒட்டு.

எதிர்ப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். ஒட்டுப் போட்ட சட்டை என்றால் ஏழ்மை, பஞ்சர் ஒட்டு என்றால் தற்காலிகம், ஆக இழிவாகத் தொனிக்கும் என்பீர்கள். நான் பார்த்த ஒட்டுகளில் பாதி அந்தத் தொனிக்குத் தகுதியானவைதான். ஆனால் சந்தையில் ஒட்டுமாம்பழம் என்றால் யாரும் விலையைக் குறைத்துக் கேட்பதில்லை. இரண்டாவது எதிர்ப்பு வலுவானது: ஒகரம் ஓகாரமாகிவிட்டால் ‘ஓட்டு எஞ்சின்’. ‘ஒட்டினான்’, ‘ஓட்டினான்’ ஆகிவிடும். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒட்டிய பிறகுதான் ஓட்ட முடியும் என்று வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டியதும் வேலை முடிந்துவிடாது என்பதையும் கலைச்சொல் பட்டியலில் ஓரமாகச் சேர்க்கலாம். இந்நாட்டில் முன்கண்ணாடியில் ஒட்டும் வட்ட உரிமச் சீட்டிலேயே எஞ்சின் எண் அச்சாகியிருக்கும். எண் மாறினால் போலீஸ் சரிபார்ப்புச் சான்று வாங்கிப் பதிவையும் மாற்ற வேண்டும். அந்தப் பதிவுக்கு ‘எஞ்சின் எண் மாற்றம்’ என்றே சொல்லலாம். அங்கே உண்மையிலேயே மாறுவது எண்தான்.

கடைசியாக, வேறொரு இழையில் நடக்கும் அநியாயம். வண்டி முழுவதும் ஓடும் கம்பிக் கட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் குதிரைக்குப் பூட்டும் சேணத்தையும் குறிக்கும். இங்கே வழங்கும் இன்னொரு பெயர் நெசவுத்தறியையும் குறிக்கும். ஒருவர் ‘கம்பிச் சேணம்’ என்றும், ஒருவர் ‘கம்பித் தறி’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அகராதியைத் திறப்பதற்கு முன் வண்டியின் பானெட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே குதிரையும் இல்லை, சேலையும் இல்லை. கறுப்பு நாடா சுற்றிய கம்பிகள் கற்றையாகக் கிடக்கின்றன. ஒளிக்கற்றை என்கிறோம், நாணல் கற்றை என்கிறோம், இதுவும் ‘கம்பிக்கற்றை’.

ஐயா பொறியை விடமாட்டேன் என்றால் ‘பொறியொட்டு’ என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை. சேணத்தை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
டொங்காட்டிலிருந்து