மானியத்தில் வந்த லேபில் பிள்ளைகள் கை வைத்த கதை: மதுரைப் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

மேலூர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். மாறுதலில் போய்ச் சேர்ந்த முதல் வாரம் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். அடல் டிங்கரிங் லேப். சுவரில் புது பெயின்ட், நடுவில் மேசைகள், ஓரத்தில் இரண்டு இரும்பு பீரோ. பீரோவுக்குள் ஆர்டுயினோ போர்டு (புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன மின்னணுப் பலகை), சென்சார், மோட்டார், சால்டரிங் அயர்ன் எல்லாம் கவர் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016ல் தொடங்கிய திட்டம் இது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 10 லட்சம் லேப் அமைக்க, இன்னொரு 10 லட்சம் ஐந்து வருடம் நடத்த. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகள் கையால் செய்து பழகத்தான் இவ்வளவு பணமும்.

பூட்டி வைத்தவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. ஒரு சென்சார் கருகிவிட்டால் தணிக்கையில் யார் பதில் சொல்வது, யார் கைக்காசைப் போடுவது என்கிற பயம். கெமிஸ்ட்ரி லேபில் டெஸ்ட் டியூப் உடைந்தால் எழுத ஒரு பதிவேடு உண்டு. எழுதி ஹெச்.எம். கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இங்கேயும் அப்படி ஒன்று போடலாமா என்று கேட்டேன். அவர் ஒரு நாள் யோசித்தார், அப்புறம் சரி என்றார். மறுநாளே பீரோ சாவி என் கைக்கு வந்தது.

முதலில் பிள்ளைகளும் கிட்டில் இருந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். விளக்கு எரிந்தது, கார் ஓடியது, கலைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எதுவும் ஒட்டவில்லை. ஒரு நாள், "உங்கள் வீட்டில் எது கெட்டுப்போகிறது?" என்று கேட்டேன். 9ஆம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "பூ, டீச்சர்" என்றாள். அவள் அம்மா விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு மல்லிகை மொட்டுப் பறிக்கிறவர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போக வண்டி வரத் தாமதமானால் வெயிலில் மொட்டு மலர ஆரம்பித்துவிடும், விலை இறங்கிவிடும். மதுரை மல்லிக்கு 2013லேயே புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. பறிக்கிற இடத்தில் அதற்கு நிழலுக்கு மிஞ்சி ஒன்றும் கிடையாது.

அந்தப் பூ வாடாமல் இருக்கப் பிள்ளைகள் செய்தது இது: பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே நனைத்த கோணிச்சாக்கு. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தத்துவத்தில் செங்கல்லும் மணலும் வைத்துக் காய்கறிக்குக் குளிர் அறை செய்திருக்கிறார்கள். எங்கள் பானை விளாச்சேரியில் வாங்கியது.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என வெப்பநிலை காட்டும் டிஹெச்டி11 சென்சார் இரண்டு வைத்தோம். பொருத்துவதற்கு முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 2 டிகிரி வித்தியாசம் காட்டியது. ஒன்று பழுது என்று ஒரு பையன் தூக்கிப் போடப் போனான். பழுது இல்லை. அந்த சென்சாரே 2 டிகிரி ஏறஇறங்கத்தான் காட்டும். லேபில் இருந்த பாதரச தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு, எதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அவர்களே ஒரு வாரம் அட்டவணை போட்டார்கள். கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதை நான் பத்து வருடமாகப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகத்தில் அது பதிந்ததை அந்த வாரம்தான் பார்த்தேன்.

மார்ச் மாதம் வெளியே 37 டிகிரி, பானைக்குள் 29. பிள்ளைகள் குதித்தார்கள். அடுத்த பள்ளி ஆண்டு நவம்பரில், நல்ல மழை, வெளியே 28, உள்ளே 27. பானை ஓட்டை என்றார்கள், மணல் சரியில்லை என்றார்கள். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையில் உள்ள தண்ணீர் எங்கே ஆவியாகும் என்று அவர்கள் பிடிக்க நான்கு நாள் ஆனது. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

உங்கள் பக்கம் இப்படி நடந்ததை எழுதுங்கள். சரிப்படாமல் போனதையும் எழுதுங்கள்.

கப்பலூர் லேத்:

டீச்சர், படித்து முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை, எழுதுகிறேன். நம் மாநிலத்தில் 1978ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. நான் 90களில் அதில் மெக்கானிக்கல் படித்தவன். மானியம் என்று தனியாக எதுவும் எங்கள் காதில் விழுந்ததில்லை. பள்ளியில் இருந்த பெஞ்ச் வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கிற கருவி), அரம், ஹேக்சா, ஒரு வெர்னியர், அவ்வளவுதான். இரும்புத் துண்டு சிம்மக்கல் பழைய இரும்புக் கடையில் எங்கள் வாத்தியார் சைக்கிளில் போய் எடுத்து வருவார்.

ஒரு சதுரக் கட்டையை மூன்று வாரம் ராவினேன். வாத்தியார் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஊடே வெளிச்சம் தெரிந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூன்றாவது வாரம் வெளிச்சம் தெரியவில்லை. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வேலையைக் கொடுத்தார். இன்றைக்கு என் பட்டறையில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். புதிதாக வருகிற பையனுக்கு நானும் முதலில் அரத்தைத்தான் கொடுக்கிறேன்.

ஒரு வருத்தம் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். இப்போது வருகிற கிட்டில் எல்லாம் சொருகினால் போதும். துளை போடுவது, தகடு வளைப்பது, மரை வெட்டுவது எதுவும் இல்லை. போன வருடம் என்னிடம் வந்த ஒரு பையன் புரோகிராம் எழுதி மோட்டாரை அழகாக ஓட்டினான். அந்த மோட்டாரைப் பலகையில் நிறுத்த ஒரு கிளாம்ப் செய்யத் தெரியவில்லை. ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தான்.

திருமங்கலம் கணினி ஆசிரியர்:

எங்கள் 3டி பிரின்டர் அனுபவம், சுருக்கமாக. பாதி அச்சில் கரன்ட் போனால் அந்தப் பொருள் குப்பைதான், முதலில் யூபிஎஸ் வாங்குங்கள். அச்சுக்குப் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் இழைச் சுருளைத் திறந்து போட்டால் ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடித்துவிடும். அச்சடிக்கும்போது பொரிகிற மாதிரி சத்தம் வரும், நூல் நூலாக இழுக்கும், உருகிய பிளாஸ்டிக் வெளியே வருகிற 0.4 மில்லிமீட்டர் நாசில் அடைத்துக்கொள்ளும். எங்கள் மாணவி ஒருத்தி வீட்டிலிருந்து மூடி இறுகும் அரிசி டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வைக்கிறோம். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது.

உசிலம்பட்டி பாலிடெக்னிக் மாணவி:

வணக்கம் டீச்சர், வணக்கம் அண்ணே. நான் 10ஆம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கும் இதே லேப் வந்தது. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி அடிக்கடி நிரம்பி வழியும். டேங்க் ஆபரேட்டர் மாமா இரண்டு ஊருக்கு ஓட வேண்டும். தண்ணீர் மட்டம் காட்டும் கருவி செய்தோம். தொட்டிக்குள் மூன்று உயரத்தில் செம்புக் கம்பி, தண்ணீர் தொட்டால் விளக்கு எரியும். பள்ளியில் பக்கெட்டில் அருமையாக வேலை செய்தது.

தொட்டியில் வைத்துப் பன்னிரண்டாம் நாள் நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு கம்பி அரித்துப் பச்சை பிடித்துக் கிடந்தது. நாள் முழுக்க ஒரே பக்கமாக மின்சாரம் தண்ணீர் வழியே போனதால் நேர்மின் முனை கரைந்திருக்கிறது. மின்னாற்பகுப்பு பாடத்தில் 5 மார்க் கேள்வியாக அதை மனப்பாடம் செய்தவள் நான். என் கையிலேயே அது நடந்தும் முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நொடி மட்டும் மின்சாரம் போகிற மாதிரி புரோகிராமை மாற்றினோம், செம்பை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டோம். ஏழு மாதம் ஓடியது.

ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது. சால்டரிங் அயர்னை எங்கள் சார் முதலில் பையன்களிடம்தான் கொடுத்தார், "சுட்டுக்கும்மா" என்று என்னை விலக்கி வைத்தார். அடுப்படியில் தினமும் சுட்டுக்கொள்கிற கை இது என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எலக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன்.

நத்தம் ரோட்டிலிருந்து ஓர் அம்மா:

நான் ஆசிரியர் இல்லை. என் மகள் 8ஆம் வகுப்பில் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு, பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைக்கு மத்திய அரசு கொடுப்பது அது, தேர்வானாள். 10,000 ரூபாய், பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். பணம் வந்த அன்றே ஒருவர், "எதுக்கும்மா கஷ்டம், செஞ்சே கொடுக்கிற கடை இருக்கு, 4,000 ஆகும்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. மகள்தான் முடியாது என்றாள். அவள் பாட்டி கூலிக்குப் புளி தட்டுகிறவர், மாசி பங்குனியில் கை வீங்கிவிடும். நெம்புகோல் வைத்து அமுக்குகிற பலகை ஒன்று செய்தாள். முதல் பலகையில் கொட்டையும் நொறுங்கிப் புளியோடு கலந்தது. இரண்டாவதில் ஆசாரியிடம் கேட்டு இடைவெளியை மாற்றினாள். மாவட்டக் கண்காட்சியோடு சரி, மேலே போகவில்லை. பலகை இன்னும் வீட்டில் இருக்கிறது. பாட்டி அதில்தான் தட்டுகிறார்.

மேலூர் டீச்சர்:

அம்மா, உங்கள் மகளிடம் அந்த இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளில் நான்கு பேர் வீட்டில் புளி வேலை நடக்கிறது.

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டு என் லேப் பதிவேட்டைப் புரட்டினேன். சால்டரிங் அயர்ன் வாங்கிய கையெழுத்தில் 31 பையன்கள், 9 பெண்கள். பூப்பானைக்குக் காரணமானவளே ஒரு தடவைகூட வாங்கவில்லை. நான் கவனிக்கவில்லை. நாளையிலிருந்து முறை வைத்துக் கொடுக்கப் போகிறேன்.

லேத் அண்ணே, நீங்கள் சொன்னது தப்பில்லை. எங்கள் பானையின் மூடியைக்கூடக் கயிறு போட்டுத்தான் கட்டியிருக்கிறோம். பீரோ முழுக்கத் தேடினேன், ஓர் அரம் இல்லை.

கப்பலூர் லேத்:

டீச்சர், வைஸ் இரண்டு சும்மா கிடக்கிறது, எண்ணெய் போட்டுத் தருகிறேன். அரம் நான்கு புதிதாகவே வாங்கி வருகிறேன். பதிவேட்டில் எப்படி ஏற்றுவது என்று ஹெச்.எம். சாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். மேசை தேக்கா, பிளைவுட்டா? பிளைவுட் என்றால் வைஸ் நிற்காது, கீழே கொடுக்க ஒரு கனமான பலகையும் எடுத்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பட்டறை லீவு. மூன்று மணிக்கு வரலாமா?