பக்கவாதம் வந்த அப்பாவுக்கு எம்.டி.ஏ. அதிகம்: வைட்டமின் ஈ கொடுக்கலாமா?

பாலக்கோடு மகள்:
அப்பாவுக்கு 63 வயது, தக்காளி விவசாயி. ஐந்து வாரம் முன்பு விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு இடது கை அப்படியே தொங்கிவிட்டது, வாயும் கோணிவிட்டது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்கேனில் வந்தது. இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சுகர். பீடியை இன்னும் முழுதாக விடவில்லை.

சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் லேபில் 'ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்' டெஸ்ட் எடுத்தோம். உடம்பில் கொழுப்பு சிதையும்போது வரும் எம்.டி.ஏ. அதிகம், அந்தச் சிதைவைத் தடுக்கும் எஸ்.ஓ.டி.யும் குளுட்டாதயோனும் குறைவு என்று ரிப்போர்ட். மூன்று மாதம் வைட்டமின் ஈ கொடுத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் தவறாமல் தருகிறேன். எம்.டி.ஏ. அதிகம் என்றால் மறுபடியும் வாதம் வருமா? ராத்திரியில் எழுந்து எழுந்து அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன்.

தர்மபுரி லேப் அக்கா:
தங்கச்சி, அந்த எண்ணை வைத்து அப்பாவுக்கு மறுபடி வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் நீங்கள் தூங்குங்கள்.

ஒரு மேற்படிப்பு ஆய்வுக்காக, வாதம் வந்தவர்களின் ரத்தத்தில் இதே டெஸ்டை இரண்டு வருடம் என் கையால் செய்திருக்கிறேன். சீரத்தோடு, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரோடு, தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அந்த நிறத்தின் அடர்த்தியை 532 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். ஆனால் அந்த அமிலம் எம்.டி.ஏ.வோடு மட்டும் சேராது, சர்க்கரையோடும் வேறு ஆல்டிஹைடுகளோடும் சேர்ந்து நிறம் காட்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்திருந்தாலும் அளவு ஏறும். ஏப்ரல் வெயிலில் பென்னாகரத்திலிருந்து ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் வந்த குழாய்களை எத்தனையோ முறை ஒதுக்கியிருக்கிறேன். அப்பாவின் குழாய் எத்தனை மணி நேரம் எங்கே கிடந்ததோ. அப்புறம், சுகரும் பீடியும் தனியாகவே எம்.டி.ஏ.வை ஏற்றிவிடும்.

ஆனால் ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் என்ற விஷயமே பொய்யில்லை. உடம்பு எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அடைப்பு வந்து, பிறகு ரத்தம் திரும்பும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, எதோடும் சட்டென்று வினைபுரியும் துகள்கள் பெருகி, செல்களின் சவ்வில் உள்ள கொழுப்பை உடைக்கின்றன. அந்த உடைசலில் ஒன்றுதான் எம்.டி.ஏ. நூறு நோயாளிகளையும் நூறு ஆரோக்கியமானவர்களையும் பக்கத்தில் வைத்தால் சராசரியில் வித்தியாசம் தெரியும். தனி ஆள் ஒருவரின் ரிப்போர்ட்டில் அது தெரியாது.

வைட்டமின் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். பிரிட்டனில் 20,000 பேருக்கு மேல் ஐந்து வருடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. வாதம் குறையவில்லை. 2010-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு மூளையில் ரத்தம் கசியும் வகை வாதம் 22 சதவீதம் கூடியிருந்தது. அப்பா ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், அதுவும் ரத்தக் கசிவுக்கு இடம் கொடுக்கும். டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

சூளகிரிக்காரன்:
அப்பாவுக்கு பி.பி. எவ்வளவு? நீங்கள் சொன்ன மாத்திரைகளில் அதற்கு ஒன்றும் இல்லையே. எங்கள் பெரியப்பாவுக்கு அதைக் கவனிக்காமல் விட்டுத்தான் இரண்டாவது முறை வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் எங்கள் மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பிசியோதெரபிக்கும் ஆள் வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள்.

பாலக்கோடு மகள்:
இப்போதுதான் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். 170/100. டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து யாருமே பார்க்கவில்லை.

தர்மபுரி லேப் அக்கா:
ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பாருங்கள். இறங்காவிட்டால் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரைச் சீட்டையும் இந்த ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தொய்ந்தாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வைட்டமினுக்கு வைத்திருக்கும் காசில் பி.பி. மிஷின் ஒன்று வாங்கிவிடுங்கள் தங்கச்சி.