மட்டக்குதிரையின் சேணம் இறக்கத்தில் முன்னால் சரிகிறது, க்ரப்பர் போடலாமா?

கோத்தகிரி அப்பா:
வணக்கம். எட்டு வயது மகளுக்காக ஒரு மட்டக்குதிரை வளர்க்கிறோம். 11.2 ஹேண்ட், அதாவது 46 அங்குல உயரம். நன்றாக உருண்ட உடம்பு, தோளுக்கு மேலே மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, முதுகு அப்படியே கழுத்தோடு கலந்துவிடுகிறது. எங்கள் பக்கம் சமதளப் பாதையே கிடையாது. ஏற்றத்தில் பிரச்சினை இல்லை, தேயிலைத் தோட்டத்துப் பாதையில் இறங்கும்போதுதான் சேணம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போகிறது. நேற்று ஓரத்துப் புல்லைக் கடிக்கக் குதிரை சட்டென்று தலையைத் தாழ்த்தியது, சேணமும் பிள்ளையும் சேர்ந்து கழுத்துக்கே வந்துவிட்டார்கள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்ததால் பிடித்துவிட்டேன். அடி படவில்லை, ஆனால் இன்று காலை ஏற மாட்டேன் என்று லாயத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வயிற்று வாரை இரண்டு ஓட்டை கூடுதலாக இறுக்கியும் பயனில்லை. சேணத்திலிருந்து வாலடிக்குப் போகும் வார், அதுதான் க்ரப்பர், அதைப் போடு என்கிறார் ஒருவர். வாலில் மாட்டி இழுப்பது பாவம், எகிறிக் குதிக்கும் என்கிறார் இன்னொருவர். போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தோல்வேலை:
முதலில் வாரை இறுக்குவதை நிறுத்துங்கள் சார். உருண்ட மட்டக்குதிரைக்கு நெஞ்சுக்கூடு குறுகலாக இருக்கும் இடம் முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தை ஒட்டியே இருக்கும். வயிற்று வார் நடக்க நடக்க அந்த இடத்தைத் தேடித்தான் போகும், வார் எங்கே போகிறதோ அங்கே சேணமும் போகும். இறுக்கினால் குதிரைக்கு மூச்சு முட்டும், சேணம் நிற்காது.

அடுத்து, சேணம் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். அகலம் கூடினால் முன்பக்கம் தாழ்ந்து இறக்கத்தில் வழுக்கும். தோள் எலும்பின் பின்விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, யாரையும் ஏற்றாமல் அதே இறக்கத்தில் நடத்திக் கூட்டிப் போங்கள். ஆளே இல்லாமல் சேணம் கோட்டைத் தாண்டினால், முதலில் சரிசெய்ய வேண்டியது சேணத்தைத்தான்.

அது சரியாக இருந்தும் நழுவினால் தாராளமாக க்ரப்பர் போடலாம், உங்கள் குதிரை மாதிரி உடம்புக்குத்தான் அந்தப் பொருளே. சேணத்தின் பின்புறம் நடுவில் ஒரு வளையம், அதிலிருந்து முதுகு நெடுக ஒரு பட்டை, முடிவில் வாலடியைச் சுற்றி ஒரு மெத்தென்ற சுருள். வளையம் சேணத்துக்குள் இருக்கும் சட்டத்தோடு பிணைந்திருக்க வேண்டும், வெறும் தோலில் தைத்தால் இழுக்கிற இழுப்பில் பிய்ந்துவிடும். பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ளங்கையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நுழைத்தால் தாராளமாக நுழையணும். சமதளத்தில் தொய்வாக இருந்து, சேணம் நகரப் பார்க்கும்போது மட்டும் பிடிக்க வேண்டும். எந்நேரமும் விறைப்பாக இருந்தால் வாலெலும்பு நோகும், அப்போது நிச்சயம் எகிறும்.

யார்க்‌ஷயர் அம்மா:
இங்கே இங்கிலாந்தில் என் மகன் ஓட்டுவது ஷெட்லாந்து. 42 அங்குலத்துக்கு மேல் போகாத இனம், உடம்பு பீப்பாய்தான். சின்னப் பிள்ளைகள் ஏறும் ஷெட்லாந்துகளில் க்ரப்பர் சாதாரணமாகப் பார்க்கிற பொருள், அதனால் பாவம் என்று தயங்காதீர்கள். கவனம் வேண்டியது வாலுக்கு அடியில். அங்கே தோல் மெல்லியது, ரோமமும் இல்லை. சுருளுக்குள் ஒரே ஒரு வால்முடி மடங்கிக் கிடந்தாலும் அறுக்கும். முதல் வாரத்தில் நான் அதைக் கவனிக்காமல் விட்டுப் புண்ணாக்கிவிட்டேன், பத்து நாள் ஏறவில்லை, இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. பருமனான, ஆளி விதை அடைத்த சுருள் வாங்குங்கள், உடம்புச் சூட்டில் எண்ணெய் கசிந்து சுருளின் தோலை மென்மையாக வைத்திருக்கும். ஒரு பக்கம் பக்கிள் இருந்தால் வாலை மடக்கி நுழைக்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு தடவையும் கழற்றியதும் ஈரத்துணியால் துடையுங்கள்.

முதல் நாள் பிள்ளையை ஏற்றவே கூடாது. ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் இருந்து மாட்டுங்கள். சில குதிரைகள் வாலை இடுக்கிக்கொண்டு முதுகைத் தூக்கும், நடக்க விட்டால் அடங்கும். நாலைந்து நாள் வெறும் நடை, அப்புறம் துள்ளுநடை, பிறகு இறக்கம், கடைசியாகத்தான் பிள்ளை. புல்லுக்குத் தலை தாழ்த்துவதற்குக் க்ரப்பர் தீர்வாகாது, அதற்குக் கடிவாளத்திலிருந்து சேணத்துக்கு மேய்ச்சல் தடுக்கும் வார் தனியாக உண்டு.

பழனி வண்டிக்காரர் மகன்:
எங்கள் அப்பா ஜட்கா ஓட்டினார், வாலுக்கு அடியில் வார் கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. வடக்கே இதற்குத் துமச்சி என்று பெயர். ஒன்று மட்டும் சொல்கிறேன். பாதை ரொம்பச் செங்குத்து என்றால் முழு பாரத்தையும் வால் தாங்கக் கூடாது. கேதார்நாத் மாதிரி மலைப்பாதையில் சுமையோடு இறங்கும் கோவேறு கழுதைகளைப் பாருங்கள், பின்தொடையைச் சுற்றி அகலமான பட்டை வரும், பாரம் பிட்டத்தில் உட்காரும். அந்த மாதிரி இடத்தில் பிள்ளையை இறக்கி நடக்க வைப்பது அதைவிட நல்லது.

கோத்தகிரி அப்பா:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சாக்பீஸ் கோட்டை ஐம்பது அடிக்குள் தாண்டிவிட்டது, சேணம் அகலம்தான். குறுகலான ஒன்று மாற்றினோம், பாதிக்கு மேல் சரியானது, மீதிக்கு க்ரப்பர். முதல் நாள் இரண்டு தடவை முதுகைத் தூக்கியது, மூன்றாம் நாள் கண்டுகொள்ளவே இல்லை. செங்குத்தான வளைவில் மகள் இறங்கி என்னோடு நடக்கிறாள். மாட்டும்போது வால்முடியை விரலால் கோதி வெளியே எடுக்கிற வேலையை யாருக்கும் விட்டுத்தருவதில்லை, முடித்ததும் "அப்பா, கை நுழையுதா பாருங்க" என்று என் கையைப் பிடித்துப் பட்டைக்கு அடியில் வைக்கிறாள்.