நுண்ணுயிர்ப் பாடம் எடுத்தேன், பிள்ளை தயிரைத் தொட மறுக்கிறாள்

வகுப்பறைக்காரி (லண்டன்) கேட்டது:

வணக்கம். லண்டனின் வடமேற்கில் ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். நான்காம் ஆண்டு வகுப்பு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் 28 பேர். நவம்பர் 18 ஐரோப்பிய அன்டிபயோட்டிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) விழிப்புணர்வு நாள் என்பதால், கை கழுவுதல், கிருமி, மருந்து என்று மூன்று வாரப் பாடத்தை வகுப்பாசிரியை என் தலையில் கட்டினார். ஊரில் இரண்டு வருடம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதன் பலன்.

முதல் வாரம் கை கழுவுதல். பள்ளிப் பிள்ளைகளுக்கு நுண்ணுயிர்ப் பாடம் சொல்லும் இ-பக் (e-Bug) இணையத்தளத்தில் உள்ள செய்முறைதான். உள்ளங்கையில் கொஞ்சம் சமையல் எண்ணெய், அதன்மேல் கறுவாத்தூள். ஒரு குழு குளிர்ந்த நீரில் மட்டும் கழுவியது, இன்னொன்று வெந்நீரில், மற்றது வெந்நீரும் சோப்புமாக. குளிர்ந்த நீர்க் குழுவின் கைகளில் கறுவா அப்படியே அப்பிக் கிடந்தது. சோப்புப் போட்டவர்களுக்கும் நகக்கண்ணிலும் பெருவிரலின் பின்பக்கத்திலும் மிச்சம் இருந்தது. வகுப்பு முழுக்கப் பாயசம் வைத்த வீடு போல மணம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "இது கறுவா இல்லை, கிருமி என்று நினையுங்கள். கதவுப்பிடியில், பென்சிலில், உங்கள் நாக்கில்கூட இருக்கிறது" என்று சொன்னேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பாடம் மனதில் பதிந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அடுத்த திங்கள் காலை பள்ளி வாசலில் ஒரு தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். தமிழ்க் குடும்பம். "மகள் மூன்று நாளாகத் தயிரைத் தொடவில்லை, அக்கா. அதற்குள் பாக்டீரியா இருக்கிறதாம். நீங்கள் சொன்னீர்களாம்." நான் தயிரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தயிர்க்குவளை மூடியில் எழுதியிருந்ததை அவளே வாசித்திருக்கிறாள். இன்னொரு பையன் இடைவேளைக்கு இடைவேளை கை கழுவுகிறான். புறங்கை சிவந்து வெடித்திருக்கிறது. (கழிப்பறையில் சோப்புக் குடுவை புதன்கிழமையோடு காலியாகிவிடும், வெந்நீர் வருவது அதிர்ஷ்டம். அந்தக் கதை வேறு.)

என் கேள்விகள் இரண்டு. பயமுறுத்தியதை எப்படிச் சரிசெய்வது? அடுத்து, மருந்துப் பாடத்தை எப்படித் தொடங்குவது? ஒரு பையன் இப்போதே சொல்லிவிட்டான்: "எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் அந்த வாழைப்பழ வாசனை மருந்து மிச்சம் இருக்கிறது. தம்பிக்குத் தடிமன் வந்தால் அம்மா கொடுப்பார்." அது மிச்சமான அன்டிபயோட்டிக். அப்படிக் கொடுப்பது தவறு என்று வகுப்பில் சொன்னால் அன்று மாலையே அந்த வீட்டில் அம்மா குற்றவாளிக் கூண்டில் நிற்பார். சொல்லாமல் விட்டால் பாடம் எதற்கு?

உயிரியல்_மாமா (பர்மிங்ஹாம்):

தங்கச்சி, உங்கள் பிழை கறுவாவில் இல்லை, வரிசையில். அந்தத் தளத்தைத் திறந்து பாடங்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் நுண்ணுயிர் என்றால் என்ன. அடுத்தது பயனுள்ள நுண்ணுயிர். அதற்குப் பிறகுதான் தீங்கானவை. கையும் தும்மலும் சமையலறையும் அதற்கும் பின்னால். மருந்து கடைசி. நீங்கள் நடுவில் நுழைந்து கதவைப் படார் என்று திறந்திருக்கிறீர்கள்.

அந்த ஒழுங்கு சும்மா வந்ததல்ல. 2006இல் ஐரோப்பிய ஆணையத்தின் பணத்தில் தொடங்கிய திட்டம் அது. இங்கே குளோஸ்டரில் இருந்த பொதுச் சுகாதாரப் பிரிவு தலைமை தாங்கியது, 18 நாடுகள் சேர்ந்தன. வகுப்பறைகளுக்கு வந்தது 2009இல். இங்கிலாந்து, பிரான்ஸ், செக் குடியரசு மூன்றிலும் பிள்ளைகளிடம் முன்னும் பின்னும் கேள்வி கேட்டுச் சோதித்தார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்னும் தளம் இயங்குகிறது. இப்போது ஐக்கிய இராச்சிய சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் கையில் இருக்கிறது.

தயிருக்கு மருந்து தயிர்தான். சொல்கிறேன், அப்படியே செய்யுங்கள். காய்ச்சி ஆறவைத்த பாலில் கொஞ்சம் பால்மா கலந்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி தயிர். மற்றதிலும் ஒரு கரண்டி தயிர், ஆனால் அதைத் தனியாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டது. இரண்டையும் ஒரு இரவு 40 பாகை அளவில் வையுங்கள். சூடு தாங்கும் பெட்டி இருந்தால் போதும். காலையில் முதல் கிண்ணம் உறைந்திருக்கும், இரண்டாவது பாலாகவே கிடக்கும். வேறுபாடு எதனால் என்று நீங்கள் வாயே திறக்க வேண்டாம், பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். வகுப்பறையில் செய்ததை ருசி பார்க்க மட்டும் விடாதீர்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் வசதி. அம்மா பாலில் உறை ஊற்றுவதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை லண்டனிலும் குறைவு.

அப்புறம், பாண் துண்டைத் தொட்டுப் பூஞ்சை வளர்க்கும் சோதனை செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கடைப் பொதியில் வரும் பாணில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கல்சியம் புரோப்பியனேற்று சேர்த்திருப்பார்கள். ஒரு தடவை என் வகுப்பில் அழுக்குக் கையால் தொட்ட துண்டு இரண்டு வாரம் பளிச்சென்று இருந்தது. "அப்படியென்றால் கை கழுவத் தேவையில்லையா, சார்?" என்று ஒருவன் கேட்டான். பேக்கரியில் சுட்ட பாண் வாங்குங்கள். துண்டைப் பையில் போட்டு ஒட்டிய பிறகு எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

லா_சப்பல்_வாசி (பாரிஸ்):

இங்கே மருந்தகத்தில் வேலை செய்கிறேன். குளிர்பெட்டி விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிரான்சில் மருந்து பெட்டியாகத்தான் கொடுப்போம். வைத்தியர் ஆறு நாளுக்கு எழுதுவார், பெட்டியில் அதற்குமேல் இருக்கும், மிச்சம் அலமாரிக்குப் போகும். அடுத்த குளிர்காலத்தில் யாராவது இருமினால் அந்த அலமாரிதான் வைத்தியர். அதனால் நான் தாய்மாரைக் குறை சொல்வதில்லை. பிள்ளை இரவெல்லாம் அனுங்கும்போது கையில் இருக்கும் போத்தலை எடுக்காத தாய் யார்?

வகுப்பில் "கொடுப்பது தவறு" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: மிச்ச மருந்தை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம் என்று வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். இங்கே சிக்லாமெட் என்ற அமைப்புக்காக எல்லா மருந்தகங்களும் வாங்கிக்கொள்கின்றன. உங்கள் ஊரிலும் மருந்தகங்கள் வாங்கும். பிள்ளை வீட்டுக்குக் குற்றச்சாட்டைக் கொண்டுபோகாது, ஒரு பையைக் கொண்டுபோகும். தாயின் முகமும் வாடாது.

2002இல் இந்த நாட்டில் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரே வசனம்: "லே அன்டிபியோத்தீக், செ பா ஒத்தொமாத்தீக்". அன்டிபயோட்டிக் என்பது கேட்டவுடன் விழும் இயந்திர மிட்டாய் அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுகையில் இருந்ததால் பிள்ளைகள் பாட்டாகவே பாடித் திரிந்தார்கள். ஐந்து குளிர்காலங்களில் பயன்பாடு ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. அப்படியிருந்தும் ஐரோப்பாவில் கூடுதலாக அன்டிபயோட்டிக் விழுங்கும் நாடுகளின் வரிசையில் நாங்கள் இன்னும் மேலேதான் நிற்கிறோம்.

கறுவா நல்ல தெரிவு. முன்பு மினுக்குத் தூள்தான் போடுவார்கள். பிளாஸ்டிக் துகள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து அதன் உதிரி விற்பனையைத் தடுத்துவிட்டது.

காற்றாலை (உட்ரெக்ட்):

நான் தாதி. நெதர்லாந்தில் இருபது வருடம். ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக அன்டிபயோட்டிக் எடுக்கும் நாடுகளில் இது ஒன்று. இங்கே புதிதாக வரும் நம் ஆட்கள் "பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் பரசிட்டமோல் கொடு, குறையாவிட்டால் மூன்று நாள் கழித்து வா என்கிறார்கள், இதென்ன வைத்தியம்!" என்று பொரிந்து தள்ளுவார்கள். நானும் பொரிந்தவள்தான்.

வகுப்பறைக்காரி அக்கா, உங்கள் சிக்கலின் வேர் அந்தச் சொல்லில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "கிருமி" என்கிறோம். பாக்டீரியாவும் கிருமி, வைரசும் கிருமி, பழைய நூல்களில் புழுவும் கிருமி. ஒரே பெயர் இருந்தால் ஒரே மருந்து போதும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆங்கிலத்தில் "பக்" என்ற சொல்லும், பிரெஞ்சில் "மிக்ரோப்" என்ற சொல்லும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் கருத்துக்கணிப்புகளில், அன்டிபயோட்டிக் வைரசைக் கொல்லாது என்று சரியாகச் சொல்பவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர்தான்.

ஆகவே முதல் நாளே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். என் பிள்ளைகளுக்கு நான் சொன்னது இது. பாக்டீரியா சொந்தமாக மதில் கட்டி வாழ்கிற வீட்டுக்காரர். பெனிசிலின் என்பவர் அந்த மதிலைக் கட்டவிடாமல் கெடுக்கிறவர். மதில் இல்லாமல் பாக்டீரியா வெடித்துப்போகும். வைரசுக்கு மதிலே கிடையாது, அது நம் வீட்டுக்குள் புகுந்து நம் அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் விருந்தாளி. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம். இடிப்பதற்கும் சுவர் வேண்டும்.

தடிமன், காய்ச்சலோடு வரும் சாதாரண இருமல், பெரும்பாலான தொண்டை நோ எல்லாம் அந்த விருந்தாளியின் வேலை. அவர் தங்கிவிட்டுத் தானாகப் போவார்.

வகுப்பறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மதிலும் விருந்தாளியும் அப்படியே வகுப்புக்குப் போகின்றன.

இன்னும் ஒன்று. "மூன்றாம் நாளே சுகமாகிவிட்டால் மிச்சத்தைக் குடிக்க வேண்டுமா?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். எங்கள் காலத்தில் "முழுவதையும் முடி" என்றுதான் சொன்னார்கள். இங்கே சுவரொட்டிகளில் அந்த வசனம் காணவில்லையே?

உயிரியல்_மாமா:

நல்ல கண். 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சில வல்லுநர்கள், "முடிக்காவிட்டால் எதிர்ப்புத் தன்மை (பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் போவது) வளரும்" என்ற பழைய அறிவுரைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். தேவைக்கு மேல் குடிப்பதுதான் எதிர்ப்பை வளர்க்கும் என்பது அவர்கள் கட்சி. விவாதம் சூடாக நடந்தது. இப்போது பள்ளிப் பாடத்தில் சொல்வது எளிமையானது: வைத்தியர் சொன்னபடி குடி, மற்றவருக்குக் கொடுக்காதே, பிறகு உதவும் என்று எடுத்துவைக்காதே. எப்போது நிறுத்துவது என்பது வைத்தியரின் பாடு, எட்டு வயதுப் பிள்ளையின் பாடு அல்ல.

இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே ஒரு கதை சொன்னார். தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் குடித்த ஒருவர், மருந்துக்கு அடங்காத கிருமியை மனைவிக்குக் கொடுத்துவிடுகிறார். முடிவு சோகம். உங்கள் வகுப்பில் சொல்லாதீர்கள், ஏற்கெனவே அரண்டுபோயிருக்கிறார்கள்.

பதிலுக்கு ஒரு விளையாட்டு. இருபது பேர் எழுந்து நிற்கட்டும், அவர்கள்தான் பாக்டீரியா. இரண்டு பேர் கையில் மட்டும் ஒரு சிவப்பு அட்டை இரகசியமாக இருக்க வேண்டும், அதுதான் மருந்துக்கு அடங்காத தன்மை. "மருந்து!" என்று நீங்கள் சொன்னதும் அட்டை இல்லாதவர்கள் உட்கார வேண்டும். நிற்கும் இருவரும் ஆளுக்கு ஒருவரைத் தொட்டு எழுப்பி அதே மாதிரி அட்டை கொடுக்கட்டும். நால்வர், எட்டுப் பேர், பதினாறு பேர். மறுபடி "மருந்து!" என்று கத்துங்கள். ஒருவரும் உட்காரமாட்டார்கள். அந்த இடத்தில் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும், பாருங்கள்.

வகுப்பறைக்காரி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

அட்டை விளையாட்டில் அந்த அமைதி வந்தது. பிறகு ஒரு பிள்ளை, "ரீச்சர், நீங்கள் வேறு மருந்து வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மருந்தகத்துக்குப் பை கொண்டுபோகும் வேலையை ஆறு பேர் செய்துவிட்டு வந்து சொன்னார்கள். வாழைப்பழ வாசனைக்காரன் அதில் இல்லை. கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

தயிர்க் கிண்ணங்களை வெள்ளி காலை திறந்தோம். ஒன்று உறைந்திருந்தது. மற்றதைச் சரித்தபோது பால் மேசையில் கொட்டியது. தயிரைத் தொடாத அந்தப் பெண் உறைந்த கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் மணந்தாள். "நாங்கள் தூங்கும்போது அவை வேலை செய்தனவா?" என்றாள். ஆம் என்றேன். தயிர் இன்னும் சாப்பிடவில்லையாம். ஆனால் இரவு உறை ஊற்றுவது தன் வேலை, அம்மா தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம்.

கை வெடித்த பையனுக்கு அவன் தாய் களிம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார். சாப்பிடுமுன், கழிப்பறை சென்றபின், தும்மி மூக்குத் துடைத்தபின் என்று மூன்று வேளையை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மற்ற நேரத்தில் கழுவ வேண்டாம் என்று அதே அட்டையில் எழுதியிருக்கிறேன். அதைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

கழிப்பறைச் சோப்பு இந்த வாரம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிட்டது.