தம்பி எட்டு மாதமாகச் சிறையில் இருக்கிறான்: அவன் மனத்தை எப்படிக் காப்பது?

மூத்தவள், சுங்கை சிப்புட்

செம்பனை ஆலையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் கடைசித் தம்பியை, மலேசியாவில் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டமான சொஸ்மாவின்கீழ் 28 நாள் தடுத்து வைத்துவிட்டு, குண்டர் கும்பல் உறுப்பினன் என்று தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவில் குற்றம் சாட்டினார்கள். அவனுடைய எண் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் இருந்தது என்பதைத் தவிர வேறு எதையும் எங்களுக்கு இதுவரை யாரும் காட்டவில்லை. சொஸ்மாவின் 13-ஆம் பிரிவைச் சொல்லி ஜாமீனும் மறுக்கப்பட்டது. வழக்கை வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார். என் கவலை வேறு.

சென்ற வாரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்தபடி, "இந்தத் தீபாவளிக்கும் வரமாட்டேன் போலிருக்கிறதே அக்கா" என்றான். அகன்ற தோள்காரன், சட்டை இப்போது தோளில் நிற்காமல் சரிகிறது. பெருவிரல் நகத்தைக் கடித்துக் கடித்து ஓரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. இங்கே அம்மா, அவன் நள்ளிரவில் வந்தாலும் வருவான் என்று வாசல் கதவைத் தாழிட விடுவதில்லை. செய்யாத குற்றத்துக்கு அடைபட்டவன் நிலைகுலையாமல் இருக்க வழி என்ன, வெளியில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பால்வெட்டுக்காரன், பீடோர்

தங்கச்சி, 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தபோது, அமைச்சரின் உத்தரவு ஒன்றினால், விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டுகள் தடுப்பு முகாமில் இருந்தவன் நான். அந்தச் சட்டம் 2011-இல் நீங்கியது. பெயர் மாறி வேறு சட்டங்கள் வந்தன.

அங்கே என்னை மிகவும் சிதைத்தவை விடுதலைத் தேதிகள்தாம். தைப்பூசத்துக்குள் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்வார், நம்புவேன். தைப்பூசம் போனதும் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் என்பார்கள். ஒவ்வொன்று தவறும்போதும் ஒரு வாரம் பாயைவிட்டு எழ மாட்டேன். தீபாவளியைச் சொல்லி உங்கள் தம்பி பேசியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. தயவுசெய்து நீங்கள் யாரும் அவனுக்குத் தேதி சொல்லாதீர்கள், வழக்கறிஞர் நல்லபடியாகப் பேசிய நாளிலும்கூட.

என்னை மீட்டது ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் பழைய வேலை. காலையில் கதவு திறக்கும் முன், கண்ணை மூடிக்கொண்டு, நான் வெட்டிய நிரைக்குள் முதல் மரத்திலிருந்து நடப்பேன். ஏறத்தாழ 500 மரங்கள். எது சாய்ந்து நின்றது, எதன் பட்டையில் காயம் பட்டிருந்தது, எதன் பால் பிடிக்கும் மங்கு உடைந்திருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். நினைவு தப்பினால் தொடக்கத்துக்கே திரும்புவேன். பிறகு அறைக்குள் நடை, துணி துவைப்பது, ஒரு பக்கமாவது எழுதுவது என்று வேளைக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. தம் சிறைக்காலத்திலும் எழுத்தை விடவில்லை என்று பள்ளியில் படித்தது அங்கேதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று: "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அவனிடம் சொல்லாதீர்கள். நடந்தது அநியாயம். "நீ செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியும்" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருமுறையாவது சொல்லுங்கள். நான் அந்தச் சொல்லுக்காகத்தான் வருகை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், தைப்பிங்

மெலிவையும் நகக்காயத்தையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம், உணவு பற்றிக் கேட்டு, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். சிறை மருத்துவர் அவரைப் பார்க்க வேண்டுமென்று வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள். "நான் இல்லாவிட்டால் உங்களுக்குப் பாரம் குறையும்" என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும், அன்றே அங்குள்ள அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சுஹாகாம், தடுப்பு இடங்களுக்குச் சென்று பார்க்கும் அதிகாரம் உள்ள மனித உரிமை ஆணையம், அங்கும் எழுதலாம். சந்திப்புத் தொலைபேசியிலும் உடனிருக்கும் கைதிகளிடமும் வழக்கைப் பற்றி அவர் பேசாதிருப்பது நல்லது.

2019 அக்டோபரில் இதே சொஸ்மா சட்டத்தின்கீழ் கைதான 12 பேர் மீதான குற்றச்சாட்டுகள் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டன. வழக்குகள் இப்படியும் முடிவதுண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். மேலே ஐயா சொன்னதுபோல், இதையும் தேதிக் கணக்காக்கிவிட வேண்டாம்.

இரு பிள்ளைகளின் தாய், கூலிம்

என் வீட்டுக்காரர் உள்ளே இருந்த காலத்தில் நான் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன், ஊர் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்து. அது பெரும் தவறு. அம்மாவைத் தனியே விடாதீர்கள். உடன் அமர்ந்து பசியாறுங்கள், கதவைத் தாழிட்டுத் தூங்க வையுங்கள். தேவைப்பட்டால் மனநல உதவிக்கு ஹீல் 15555 எண் இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள் என்று தெரிந்தால்தான் தம்பிக்கும் அங்கே சோறு இறங்கும்.

மூத்தவள், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. நேற்று போயிருந்தேன். மருத்துவருக்கான கடிதம் போய்விட்டது. பீடோர் ஐயா சொன்னதை நினைத்து, ஆலையிலிருந்து ஈப்போ வரை லோரி போகும் பாதையை எனக்குச் சொல்லச் சொன்னேன். முதலில் தயங்கினான். பிறகு வளைவு வளைவாகச் சொல்லத் தொடங்கினான். இடையில் நான், "பழைய ஈயக்குட்டைக்கு முன்னால்தானே அந்தச் சீனர் கடை?" என்றேன். "இல்லை அக்கா, குட்டையைத் தாண்டித்தான் கடை, உனக்கு ஒன்றும் தெரியாது" என்றான். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து நின்றபோது நாங்கள் இன்னும் சிம்மோரைத் தாண்டியிருக்கவில்லை.