எச்டி பேக் போட்டும் படம் மங்கல், சில சேனல் கட்டம் கட்டமா உடையுது. எங்கே ஆரம்பிச்சுப் பார்க்கணும்?

வைகைக்கரை (கேள்வி)

மதுரை வீடு. 43 இன்ச் 4கே டிவி, டிடிஎச் எச்டி பாக்ஸ், எச்டி சேனலுக்குத் தனியா காசு கட்டியாச்சு. ஆனா படம் எச்டி மாதிரியே இல்லை. முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கு, கீழே ஓடுற எழுத்தைச் சுத்தி நிழல் தெரியுது. அதே டிவியில் ஓடிடி ஆப் போட்டா படம் துல்லியமா இருக்கு.

இன்னொண்ணு, அஞ்சாறு சேனல் மட்டும் அடிக்கடி கட்டம் கட்டமா உடையுது, சத்தமும் விட்டு விட்டு வருது. பெட்ரூம் பாக்ஸை ஆன் பண்ணா சில சேனல் சுத்தமா போயிடுது. மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த் 85, குவாலிட்டி 45 காட்டுது. மாடியிலிருந்து ஒரே வயர், சுமார் 25 மீட்டர். நடுவில் ஒரு ஜாயின்ட், ஹாலுக்கு மேலே ஸ்ப்ளிட்டர்.

சர்வீஸ் ஆள் "பாக்ஸை மாத்துங்க, இல்லாட்டி பெரிய டிஷ் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எதுக்கு முதல்ல செலவு பண்றது?

பிக்சல்பித்தன்

இப்போதைக்கு எதுக்கும் செலவு பண்ண வேண்டாம். உங்க வீட்டில் இருக்கிறது ரெண்டு தனித்தனி நோய். ஒண்ணுக்கு மருந்து டிவி பக்கத்தில் இருக்கு, இன்னொண்ணுக்கு மாடியில் இருக்கு.

டிஜிட்டல் ஒளிபரப்பில் சிக்னல் குறைஞ்சா படம் மங்காது. பழைய ஆன்டெனா காலத்தில்தான் புள்ளி புள்ளியா கலங்கும். இப்போ பிழை திருத்தம் தாங்குற வரைக்கும் படம் முழுசா வரும். தாங்காத நிமிஷம் உடையும், உறையும், சத்தம் அறுந்து போகும். அதனால மங்கலுக்காக டிஷ்ஷைத் தொடவே கூடாது. மங்கல் வேற இடத்திலிருந்து வருது. இந்த வரிசையில் பாருங்க.

முதல்ல வயர். பாக்ஸிலிருந்து டிவிக்குப் போறது எச்டிஎம்ஐயா, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரா? அந்த மூணு கலர் வயரில் எச்டி போகவே போகாது. நீங்க எவ்வளவு காசு கட்டினாலும் டிவிக்குப் போய்ச் சேர்றது 576 வரிதான்.

எச்டிஎம்ஐதான்னா, டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அமுக்குங்க. டிவிக்குள்ள என்ன வருதுன்னு அதுவே சொல்லும். 1080ஐ 50 ஹெர்ட்ஸ்னு வரணும். 576பி-ன்னு வந்தா பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட் போய் 1080ஐ-ன்னு கையால மாத்துங்க, 'ஆட்டோ'வில் விடாதீங்க. கரண்ட் போய் வந்து, டிவி எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி பாக்ஸ் எழுந்திரிச்சா, ஆட்டோ சில நேரம் கீழே இறங்கி அங்கேயே நின்னுக்கும்.

அடுத்தது சேனல் எண். ஒரே சேனலுக்கு எஸ்டி (சாதா தரம்) ஒரு எண், எச்டி ஒரு எண். பிடிச்ச சேனல் பட்டியலில் பழைய எஸ்டி எண்ணே உட்கார்ந்திருக்கும். காசு எச்டிக்குப் போகும், பார்க்கிறது எஸ்டியா இருக்கும். இது நிறைய வீட்டில் நடக்குது.

அப்புறம் டிவி செட்டிங். பல டிவி, எச்டிஎம்ஐயில் வர்ற படத்தோட ஓரத்தை வெட்டிட்டு மிச்சத்தைப் பெரிசாக்கிக் காட்டும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்க்ரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்'. அதைப் போட்டா 1920க்கு 1080 அப்படியே வரும். பிக்சர் மோடு 'விவிட்' இருந்தா 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா'வுக்கு மாத்துங்க. எழுத்தைச் சுத்தி நிழல்னு சொன்னீங்களே, அது பெரும்பாலும் ஷார்ப்னஸ் ஏத்தி வெச்சதால வர்ற செயற்கை விளிம்பு. ஷார்ப்னஸை நல்லா இறக்குங்க. முகத்தில் மெழுகு வர்றது நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை. அது அதிக அளவில் இருந்தா தோலில் இருக்கிற நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைச்சிடும். ஆஃப் பண்ணுங்க.

கருப்பு கருப்பா இல்லாம சாம்பலா வெளுத்திருந்தா அது இன்னொரு கதை: பாக்ஸும் டிவியும் எச்டிஎம்ஐ பிளாக் லெவலில் ஒத்துப்போகலை. 'லிமிடெட்', 'ஃபுல்' ரெண்டையும் மாத்திப் பார்த்து, நிழலில் விவரமும் தெரியணும், கருப்பும் கருப்பா இருக்கணும், அதை வெச்சுக்குங்க.

விலை கூடின எச்டிஎம்ஐ கேபிள் வாங்காதீங்க. கெட்ட கேபிள் படத்தை மங்க வைக்காது. வெள்ளைப் பொறி பறக்கும், இல்லேன்னா திரை ஒரு நொடி கருக்கும். அது ரெண்டும் இல்லேன்னா கேபிள் நல்லாவே இருக்கு.

செப்புக்கம்பி

மாடி விஷயத்தை நான் சொல்றேன். பெட்ரூம் பாக்ஸ் போட்டா ஹாலில் சேனல் போகுதுன்னா குற்றவாளி ஸ்ப்ளிட்டர்.

எல்.என்.பி.க்கு (டிஷ்ஷுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கிற அலை வாங்கி) எந்தத் திசை அலை வேணும்னு பாக்ஸ் வோல்டேஜ் மூலமாத்தான் சொல்லுது. 13 வோல்ட் அனுப்பினா செங்குத்து, 18 அனுப்பினா கிடைமட்டம். ரெண்டு பாக்ஸை ஒரே வயரில் மாட்டினா, ஒண்ணு 18 கேட்கும்போது இன்னொண்ணோட 13 எடுபடாது. அதனால ஒரு ரூமில் என்ன பார்க்கிறாங்கங்கிறதைப் பொறுத்து இன்னொரு ரூமில் பாதி சேனல் காணாமப் போகும். போதாக்குறைக்கு, ரெண்டு வழி ஸ்ப்ளிட்டர் சிக்னலில் பாதிக்கு மேல தின்னுடும். இதுக்குச் சரியான வழி ரெட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி., ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி வயர். வேற குறுக்கு வழி எதையும் நான் சொல்ல மாட்டேன்.

சோதிக்கிறதுக்குச் செலவே இல்லை. பெட்ரூம் பாக்ஸை ரிமோட்டில் அணைக்காம பிளக்கையே பிடுங்குங்க. சில பாக்ஸ் ஸ்டாண்ட்பையிலும் வோல்டேஜ் அனுப்பிட்டேதான் இருக்கும். அப்புறம் ஸ்ப்ளிட்டரைக் கழட்டி ஹால் வயரை நேரா மாட்டிட்டு குவாலிட்டியைப் பாருங்க.

ஸ்ட்ரெங்த் 85-ஐப் பார்த்து ஏமாறாதீங்க. வயரில் வர்ற மொத்த அளவு அது, இரைச்சலும் அதுக்குள்ளதான் இருக்கு. குவாலிட்டிதான் முக்கியம். அந்த சதவீதமும் ஒவ்வொரு கம்பெனி பாக்ஸுக்கு ஒவ்வொரு அளவுகோல், பக்கத்து வீட்டு எண்ணோட ஒப்பிடாதீங்க. உங்க பாக்ஸிலேயே நல்லா வர்ற சேனலையும் உடையுற சேனலையும் ஒப்பிட்டா போதும்.

ஸ்ப்ளிட்டரைக் கழட்டின பிறகும் உடைஞ்சா அடுத்த சந்தேகம் நடு ஜாயின்ட். எல்.என்.பி.யிலிருந்து கீழே வர்றது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். நம்ம மொபைல் டவரோட 1800ம் 2100ம் அதே அலைவரிசை எல்லைக்குள்ளதான் இருக்கு. வயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தின ஜாயின்டில் கவசம் இல்லாததால அது உள்ளே புகுந்துடும். குறிப்பிட்ட சில சேனல் மட்டும், அதுவும் நல்ல வெயில் நாளிலும் உடையும். அஞ்சாறு சேனல் மட்டும்னு நீங்க சொல்றது இதுக்கும் பொருந்துது. ஜாயின்டே இல்லாம ஒரே நீளமா வயர் போடுங்க.

பல வீட்டில் எச்டி சேனல்தான் முதல்ல போகும்; அதுக்குக் காரணம் எச்டிங்கிறது இல்லை. அந்தச் சேனல் எந்த டிரான்ஸ்பாண்டரில் (சாட்டிலைட்டில் ஒரு கட்டுச் சேனலைச் சேர்த்து அனுப்புற கருவி) இருக்கு, அது எவ்வளவு இறுக்கமான மாடுலேஷனில் (அலையில் தகவலை ஏத்துற முறை) போகுதுங்கிறதுதான். டிவிபி-எஸ்2ங்கிற புது ஒளிபரப்பு முறையில், அதிகத் தகவலைத் திணிக்கிற 8பிஎஸ்கே போடுற டிரான்ஸ்பாண்டருக்கு பழைய க்யூபிஎஸ்கேயை விட சுத்தமான சிக்னல் வேணும். மழைக்கு முதல்ல விழுறதும் அதுவே.

வைகைக்கரை

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்ஃபோவில் 576பி-ன்னுதான் இருந்துச்சு. 1080ஐ மாத்தி, ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் இறக்கினதும் பெரிய மாற்றம். ஆனா ஒரு எச்டி சேனலில் பழைய படம் போட்டா இன்னும் மங்கலாவே இருக்கு, கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது புல் குழம்புது.

ஸ்ப்ளிட்டரைக் கழட்டினதும் குவாலிட்டி 45லிருந்து 58 ஆச்சு. காணாமப் போன சேனல் வந்துடுச்சு, ஆனா ரெண்டு சேனல் இன்னும் உடையுது. பெரிய டிஷ் தேவையா? புது வயர் என்ன பார்த்து வாங்கணும்?

பிக்சல்பித்தன்

பழைய படம் மங்கலா இருக்கிறதுக்கு உங்க வீட்டில் மருந்து இல்லை. சேனல்கிட்ட எஸ்டி டேப்பில் இருக்கிற படத்தைத்தான் பெரிசாக்கி எச்டியில் விடுறாங்க. அதே சேனலில் செய்தியோ புது விளம்பரமோ பாருங்க. அது துல்லியமா இருந்தா உங்க செட்டப் சரி.

புல் குழம்புறது பிட்ரேட் (நொடிக்கு வர்ற தகவல் அளவு) பஞ்சம். ஒரு டிரான்ஸ்பாண்டரில் கிடைக்கிற சுமார் 60 எம்பிபிஎஸ்ஸைப் பல சேனல் பங்கு போட்டுக்குது. ப்ளூ-ரே டிஸ்க் படத்துக்கு மட்டுமே 40 எம்பிபிஎஸ் வரை போகும். இங்கே ஒரு எச்டி சேனலுக்கு அதில் சின்னப் பங்குதான். ஓடிடி நல்லா தெரியுறதுக்குக் காரணமும் இதுவே: அவங்க நிதானமா முன்கூட்டியே சுருக்கி வைக்கிறாங்க, இங்கே நேரலையில் அந்த நொடியே சுருக்கணும்.

சிக்னல் உடைப்பையும் இதையும் குழப்பிக்க வேண்டாம். பிட்ரேட் குறைவுன்னா அசையுற இடம் மட்டும் கலங்கும், ஓரம் மென்மையா இருக்கும், சத்தம் ஒரு தடவைகூட அறாது. சிக்னல்னா அசையாத இடத்திலும் பளிச்னு கலர் கட்டம் ஒட்டிக்கும், சத்தமும் போகும்.

கோபுரம்43

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. 1080ஐ எல்லா டிவிக்கும் சிறந்ததுன்னு சொல்ல முடியாது. இங்கே எச்டி ஒளிபரப்பே 1080ஐதான் (ஒத்தை வரி, ரெட்டை வரின்னு ரெண்டு பாதியா வரும்), அதனால 4கே டிவிகிட்ட அப்படியே கொடுத்து அதையே கோர்க்க விடுறது சரி. ஆனா 32 இன்ச் 'எச்டி ரெடி' பேனல் 1366க்கு 768தான்; விலை குறைஞ்ச டிவியில் ஓடுற எழுத்து சீப்புப் பல்லா தெரிஞ்சா 720பி போட்டுப் பாருங்க, சில சமயம் அதுதான் சுத்தமா இருக்கும். தூரத்தையும் பாருங்க. 43 இன்ச்சில் 1080 வரியோட முழுப் பலனும் கிட்டத்தட்ட 1.6 மீட்டருக்குள்ளதான். மூணு மீட்டர் தள்ளி சோபா போட்டா எஸ்டிக்கும் எச்டிக்கும் வித்தியாசம் நல்லாவே குறைஞ்சிடும்.

செப்புக்கம்பி

பெரிய டிஷ் வேண்டாம். ஸ்ப்ளிட்டர் எடுத்ததும் 13 புள்ளி ஏறுதுன்னா இழப்பு வழியில்தான் இருக்கு, டிஷ்ஷில் இல்லை.

வயர்: ஆர்ஜி6, 75 ஓம். கடையிலேயே காந்தத்தை நடுக்கம்பியில் வெச்சுப் பாருங்க. ஒட்டினா அது செம்பு முலாம் பூசின இரும்பு. உயர் அலைவரிசை கம்பியோட மேல்தோலில் ஓடுறதால சிக்னலுக்கு அது பெரிய குறை இல்லை. ஆனா 18 வோல்ட் உள்ளே முழுசும் ஓடணும். நீள வயரில், அதோட துருப்பிடிச்ச கனெக்டரும் சேர்ந்தா வோல்ட் இறங்கி, எல்.என்.பி. அதை 13னு எடுத்துக்கும். 25 மீட்டருக்கு ஒட்டாத முழுச் செம்பு வாங்குங்க. வெளியே சுத்தின கம்பி வலை அடர்த்தியா இருக்கணும், ஃபாயில் இருக்கணும்.

எஃப் கனெக்டர்: திருகி மாட்டுறது வேண்டாம், அமுக்கு வகை போடுங்க. வலையைப் பின்னால மடிங்க, ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. நடுக்கம்பியைச் சுத்தின வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டரோட உள்தரையோட சமமா நிக்கணும், நடுக்கம்பி வாயைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டினா போதும். எல்.என்.பி.க்குக் கீழே வயரைத் தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுங்க, மழைத் தண்ணி அங்கேயே சொட்டிடும். மேல ரப்பர் டேப் இழுத்துச் சுத்துங்க. சாதா இன்சுலேஷன் டேப் நம்ம வெயிலுக்குப் பசை இளகி உரிஞ்சிடும்.

மாடிக்கு ஏறினதும் எல்.என்.பி. வாயைப் பாருங்க: மூடி விரிஞ்சிருக்கா, குளவி கூடு கட்டியிருக்கா. அப்புறம் தண்டு. ஆடிக் காத்துக்கு நட்டு தளர்ந்து டிஷ் நகர்றது சகஜம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷோட பார்வை மொத்தம் சுமார் 3 டிகிரி. ஒன்றரை டிகிரி திரும்பினா, அதாவது விளிம்பில் 8 மில்லிமீட்டர் நகர்ந்தா, சிக்னல் பாதி.

கடைசியா எல்.என்.பி. திருகல், அதாவது அதை அதோட பிடிக்குள்ள எவ்வளவு சாய்ச்சுத் திருப்பி வைக்கணும்ங்கிறது. இதை இங்கே நிறைய பேர் கோட்டை விடுறாங்க. வட இந்தியாவுக்குன்னு போட்ட வரைபடத்தைப் பார்த்து நேரா வெச்சிடுறாங்க. ஜிசாட்-15 இருக்கிற 93.5 டிகிரி கிழக்கை எடுத்துக்கிட்டா, டெல்லியில் கணக்குப்படி திருகல் 27 டிகிரி. மதுரையில் 56 வரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கோம், அதான். உங்க சாட்டிலைட்டுக்கு எண் வேறயா இருக்கும். அதனால கண்ணால அளக்காம, உடையுற சேனலை வெச்சு, ஒருத்தர் கீழே குவாலிட்டி பார்த்துச் சொல்ல, மேலே கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புங்க. ஒவ்வொரு அசைவுக்கும் சில நொடி நில்லுங்க, பாக்ஸ் எண்ணைக் காட்டத் தாமதமாகும். உச்சத்தைத் தாண்டி இறங்க ஆரம்பிச்சதும் பின்னால வந்து இறுக்குங்க. இறுக்கும்போது எண் குறையுதான்னு மறுபடியும் கேட்டுக்குங்க.