ஹெட்ஸ்டோன் மேனரும் அம்மம்மாவின் சீதன உறுதியும்

அன்பான ஊரவர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஒன்றுகூடலுக்கு மண்டபம் பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தீர்கள். அதற்காகச் சென்ற ஞாயிறு லண்டன் ஹரோவில் உள்ள ஹெட்ஸ்டோன் மேனர் என்ற பழைய மாளிகைவீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது பக்கத்துத் திடலில் பந்தடிக்க எத்தனையோ முறை கூட்டிச் சென்றிருக்கிறேன். வீட்டுக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை.

சுற்றிவர அகழி, இன்றும் அதில் தண்ணீர் நிற்கிறது. முன்பக்கச் செங்கல் 18ஆம் நூற்றாண்டில் போட்டுவிட்ட சட்டைதான். உள்ளே இருப்பது 1310ஆம் ஆண்டின் ஓக் மரச்சட்டம். 1344இல் கான்டர்பரிப் பேராயரின் கைக்கு வந்து, எட்டாம் ஹென்றி எடுத்துக்கொள்ளும்வரை ஏறத்தாழ 200 ஆண்டுகள் திருச்சபையிடம் இருந்திருக்கிறது. பிறகு பண்ணைவீடு. 1925இல் உள்ளூராட்சிச் சபை வாங்கியது. திருத்தி முடித்து 2017 கடைசியில் திறந்தார்கள்.

1310 என்று அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? மரமே சொல்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் ஒடுக்கம். அந்த வரிசையைப் பழைய மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டு, வெட்டிய காலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

எனக்கு உடனே, நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய அம்மம்மாவின் நாற்சார் வீடு நினைவுக்கு வந்தது. கூரையின் கைமரம், சிலாகை எல்லாம் பனை. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. குறுக்கே வெட்டினால் கறுப்பு நார்ப்புள்ளிகள்தான் தெரியும். நம்முடைய வீடுகள் வாய்திறந்து வயது சொல்லப்போவதில்லை. கடதாசியும் கிழவிகளும்தான் சொல்லவேண்டும்.

கிழவிகள் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். கோபிக்க வேண்டாம், நம் ஊர்ச் சங்கம் தொகுத்த வம்சாவளியில் ஆண்பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பெண்கள் "மனைவி" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறார்கள். ஆனால் நம்மூர் வீடுகள் யார் வழியாகக் கைமாறின? சீதனமாகத் தாயிடமிருந்து மகளுக்கு. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் ஏற்றிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலும் சீதனத்துக்கு அந்த இடம் உண்டு. வீட்டின் கதை வேண்டுமென்றால் பெண்வழியைத்தான் பிடிக்கவேண்டும்.

அம்மம்மாவின் சீதன உறுதியை, அதாவது சீதனக் காணிப் பத்திரத்தை, பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்து, உறுதி எழுதிய நொத்தாரிசின் கையெழுத்தில் பாதி போய்விட்டது. காணியின் பெயர், பரப்புக் கணக்கு, "கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்ற வரி, பிறகு நான்கு எல்லைகள். வடக்கெல்லைக்காரியின் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் பாரிஸ் பொருளாளரின் பாட்டி! இரண்டு குடும்பமும் வேலிச் சண்டையில் பேசாமல் இருந்த காலத்தைப் பற்றி அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஹெட்ஸ்டோன் மேனரில் 1506இல் கட்டிய தானியக் களஞ்சியம் ஒன்றும் இருக்கிறது. 40 மீற்றருக்கு மேல் நீளம். நிமிர்ந்து பார்த்தால் கூரை மரங்கள் கவிழ்த்த தோணிபோலத் தெரிகின்றன. கலியாணம், விருந்து ஆகியவற்றுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை விபரம் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட மண்டபத்தைவிடக் கூடத்தான் வரும். கட்டுப்படியாகாவிட்டால் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டு, காலையில் பிள்ளைகளை மட்டும் இங்கே கூட்டிவரலாம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். தாய், பாட்டி, பூட்டியின் சீதன உறுதி யாரிடமாவது இருந்தால் எல்லைகள் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். குழுவுக்கு அனுப்ப வேண்டாம், காணி விடயம். பகல் வெளிச்சத்தில், மேசையில் விரித்து வைத்து எடுங்கள். பழைய மை, ஃபிளாஷ் போட்டால் எழுத்துத் தெரியாது. கடதாசி இல்லாதவர்கள் ஊரில் உங்கள் வடக்கு வேலிக்கு அப்பால் யார் இருந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதினாலும் போதும்.

ஹரோவிலிருந்து,
மண்டபம் தேடுபவன்